புல்லும் பயறும்: மேய்ச்சல் விளையில் அளவு காப்பது

மார்த்தாண்டத்தைச் சுற்றி மாடும் ஆடும் வளர்க்கும் வீடுகளில் நிலத்தைப் பெரும்பாலும் சென்டில்தான் சொல்வார்கள். பத்து சென்ட் தென்னைவிளை, இருபது சென்ட் மரச்சீனி, கொஞ்சம் ரப்பர், வேலியோரம் நாலு பிலாமரம். ஒரு கறவைப் பசுவும் ஐந்தாறு ஆடும் இதை நம்பித்தான் பிழைக்க வேண்டும். புல் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கையைக் கடிப்பது புண்ணாக்குச் செலவு. புண்ணாக்கிலிருந்து கிடைக்கும் புரதத்தில் ஒரு பகுதியை விளையிலேயே விளைவிக்கலாம். அதற்கு வழி, புல்லுக்குள் பயறு வகைச் செடிகளைச் சேர்த்து வளர்ப்பது.

சேர்ப்பது எளிது. சேர்த்ததை அளவாக நிறுத்தி வைப்பதில்தான் வேலை இருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

அளவு என்றால், வெட்டிய பசுந்தீவனத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயறு, மீதி புல். பயறு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அது புல்லுக்குத் தழைச்சத்தும் தராது, பாலுக்குப் புரதமும் தராது. பாதிக்கு மேல் ஏறினால் மாட்டுக்கு வயிறு உப்பும், புல் நலிந்துபோகும், கோடையில் பயறு இலை உதிர்த்த இடத்தில் களை வந்து உட்காரும். கம்பு நேப்பியர் போன்ற புல்லில் உலர் எடைக்குச் சுமார் 8 முதல் 10 சதவீதம் புரதம் உண்டு. இளசாக அறுத்த பயறுத் தீவனத்தில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே தீவனத்தின் தரம் மாறிவிடும்.

குளோவர் நாட்டுப் பாடம் இங்கே தலைகீழ்

மேய்ச்சல் நில நிர்வாகம் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் கண்ட அனுபவத்தை வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் பயறு என்றால் வெள்ளைக் குளோவர்தான். நம் மாநிலத்தில் அதைப் பார்க்க ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். அங்கே புல்சரிவுகளில் மூன்று இலையும் வெள்ளைப் பூவுமாக அது தானாகவே பரவி நிற்கும், சுற்றுலாக் குதிரைகள் மேயும். குளிர்ச்சியை விரும்பும் அந்தச் செடி மார்த்தாண்டத்து வெப்பத்தில் நிலைக்காது. விதை வாங்கித் தூவிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

குளோவரின் தண்டு தரையோடு தரையாக ஓடும், துளிர்க்கும் கணுக்களும் மண்ணை ஒட்டியே இருக்கும். மாடோ குதிரையோ எவ்வளவு ஒட்ட மேய்ந்தாலும் அந்தக் கணுக்களுக்குச் சேதம் இல்லை. உயரமான புல்தான் அடிவாங்கும், குளோவருக்கு வெயில் கிடைக்கும். அதனால் குளோவர் நாட்டில் பயறு கூடவேண்டுமானால் ஒட்ட மேயவிடு, குறையவேண்டுமானால் புல்லை உயரவிடு என்பது விதி.

இங்கே அதையே செய்தால் பயறு செத்துப்போகும். நாம் வளர்க்கும் முயல்மசாலும் வேலிமசாலும் நிமிர்ந்து வளர்பவை. அவற்றின் துளிர்மொட்டுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கும் மேலே இருக்கும். தரையோடு ஒட்ட அறுத்தாலோ ஆடு கடைசி இலைவரை கடித்தாலோ திரும்பத் துளிர்க்க ஒன்றும் மிஞ்சாது. ‘பயறு விதைத்தேன், ஒரு வருஷத்தில் போய்விட்டது’ என்று சொல்பவர்களின் விளையைப் போய்ப் பார்த்தால் அறுத்த மட்டத்திலேயே காரணம் தெரியும். மண்ணையும் விதையையும் குறை சொல்வதற்கு முன் அரிவாளின் உயரத்தைப் பாருங்கள்.

குளோவர் போலவே நடந்துகொள்ளும் செடிகள் இங்கேயும் இரண்டு உண்டு. ஒன்று, தென்னைவிளைகளில் தானாகவே படர்ந்திருக்கும் சிறுபுள்ளடி. மூன்று சிறு இலைகளோடு தரையை ஒட்டிக் கிடக்கும். பலர் அதைக் களையென்று செதுக்கி எறிகிறார்கள். விளைச்சல் குறைவுதான், ஆனால் ஆடு விரும்பித் தின்னும், மிதித்தாலும் சாகாது, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். அதை விட்டுவையுங்கள். இன்னொன்று, நர்சரிகளில் தரையை மூட அழகுச்செடியாக விற்கும் படர்கடலை. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலை இனம், மஞ்சள் பூ. நிழலையும் ஒட்ட மேய்ச்சலையும் தாங்கும். ஒரு சாண் நீளத்துக்குத் தண்டை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் போதும். முதல் ஆறு மாதம் மந்தமாகத்தான் வளரும், பொறுத்திருக்க வேண்டும். மாட்டை அவிழ்த்து மேயவிடும் தென்னைவிளைக்கு இதைவிடப் பொருத்தமான பயறு எனக்குத் தெரியவில்லை.

எந்தச் செடி எந்த இடத்துக்கு

முயல்மசால் மழையை நம்பிய மேட்டுவிளைக்கு ஏற்றது. அமில மண்ணையும் சத்துக்குறைவையும் தாங்கும், வேர் ஆழமாகப் போவதால் மாசி, பங்குனியிலும் பச்சை நிற்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து வெப்பநாடுகள் முழுதும் பரவிய இந்தச் செடியை ஒரு பூஞ்சை நோய் ஆஸ்திரேலியாவில் பெரும்பரப்பில் அழித்தது. இலையில் கரும்புள்ளியும் தண்டில் குழிப்புண்ணும் வரும் அந்த நோய் இந்தியாவிலும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டில் நோய்கண்ட செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடைத் துறைப் பண்ணையிலோ கேட்டு வாங்குவது நல்லது.

வேலிமசால் தண்ணீர் வசதியுள்ள இடத்துக்கு. கம்பு நேப்பியரோடு சேர்க்க இதுவே நல்ல துணை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை மூன்று வரிசை புல், ஒரு வரிசை வேலிமசால். இரண்டையும் ஒன்றாக அறுத்து ஒரே கட்டாகக் கொண்டுவரலாம். அறுக்கும்போதே கலந்துவிடுவதால் தொழுவத்தில் வந்து பிரித்துப் போடும் வேலை இல்லை.

தோட்டப்பயறு எல்லோருக்கும் தெரிந்ததே. ரப்பர் கன்று நடும்போது மண்ணை மூடப் போடும் கொடி. மாடு நன்றாகத் தின்னும், ஆடும் தின்னும். ஆனால் புல்லோடு சேர்த்தால் அடக்கிவைக்க முடியாத கொடி இது. புல்லைச் சுற்றி ஏறி மூடிவிடும். தனிப் பரப்பில் வைத்து அறுத்து எடுப்பதே நல்லது. ரப்பரில் இப்போது பரவலாகிவிட்ட முக்குணா வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்தது, நிழலையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் கால்நடை அதைத் தொடுவதில்லை. மண்ணுக்கு நல்லது, தொழுவத்துக்குப் பயனில்லை. கன்று நடுமுன்னே இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மாடு வைத்திருப்பவர் தோட்டப்பயறைத் தேர்ந்தெடுப்பதே அறிவு.

வேலிக்குச் சீமைக்கொன்னை, சூபாபுல், முள்முருங்கை. சீமைக்கொன்னையின் வாடை மாட்டுக்கு முதலில் பிடிக்காது. ஒரு நாள் வாடவைத்துப் புல்லோடு கலந்துகொடுத்தால் பழகிவிடும். சூபாபுல் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

வரவிடக்கூடாத பயறு இனங்களும் உண்டு. தொட்டாச்சிணுங்கியை ஆடு கொஞ்சம் கடிக்கும், அதனால் பெரிய தீங்கில்லை. அதன் பெரிய உறவினமான ஆனைத்தொட்டாவாடி வேறு. புதராக மண்டி மற்றதையெல்லாம் மூடும், மாடுகளுக்கு நஞ்சானதாகக் கேரளத்தில் பதிவுகள் உண்டு. பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். கிலுகிலுப்பைச் செடிகளையும் மேய்ச்சலில் விடவேண்டாம். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அவற்றில் பல இனங்களில் உண்டு.

மண்

விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணும் சரளை மண்ணும் புளித்த மண். இரண்டு பருவமழையும் காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. அமிலகார எண் 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயறின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக மாற்றுவதற்கு மணிச்சத்து ஏராளமாக வேண்டும். புல் சமாளித்துக்கொள்ளும், பயறுதான் தவிக்கும். புல் மட்டும் செழித்துப் பயறு மஞ்சளித்து நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சுண்ணாம்பையும் மணிச்சத்தையும்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அதன்படி சுண்ணாம்பு இடுவது சரியான வழி. பொதுவாகச் சென்டுக்கு 2 முதல் 4 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால். மணிச்சத்துக்கு ரப்பருக்குப் போடும் அதே ராக் பாஸ்பேட் போதும். புளித்த மண்ணில் அது மெல்லக் கரைந்து பயன்தரும், விலையும் குறைவு. சென்டுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ. சுண்ணாம்பையும் அதையும் ஒரே நாளில் கலந்து போடக்கூடாது. அடுப்புச் சாம்பல் இருந்தால் வீணாக்காமல் பயறு வரிசையில் தூவுங்கள். சாம்பல்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சுவதில் புல் பயறைவிட வேகம், தென்னைவிளையில் தென்னையும் அதற்குப் போட்டி. பயறுக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இட்டது பலித்ததா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். விதைத்து ஆறேழு வாரம் ஆனதும் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகக் கிளறி எடுங்கள். இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்துவிடும். வேரில் உள்ள முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. முடிச்சே இல்லாவிட்டால் ரைசோபியம் என்ற அந்த வேர்முடிச்சு பாக்டீரியா இல்லாமல் விதைத்திருக்கிறோம் என்று பொருள்.

விதைப்பு

இந்தப் பயறுகளின் விதைத்தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதிப்பு அடங்கிய பின் (80 டிகிரி அளவில்) விதையை நான்கு நிமிடம் போட்டு எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவையுங்கள். அடுப்பில் வைத்தே வேகவிட்டால் கரு செத்துவிடும். காலையில் நிழலில் உலர்த்தி, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதையில் பூசி, மறுபடி நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். வெயில் பட்டால் பாக்டீரியா சாகும்.

சென்டுக்கு முயல்மசால் 25 முதல் 40 கிராம், வேலிமசால் தனிப்பயிரானால் 80 கிராம், தோட்டப்பயறு 12 முதல் 18 கிராம். விதை பொடியானது, அரை அங்குலத்துக்குமேல் ஆழம் போகவேண்டாம். மணலோடு கலந்து தூவி, ஓலையால் லேசாக இழுத்துவிட்டால் போதும்.

காலம், இடவப்பாதி மழையின் முதல் வேகம் தணிந்ததும். மழை கொட்டும்போது விதைத்தால் விதையெல்லாம் கீழ் ஏலாவுக்குப் போய்விடும். தவறவிட்டவர்கள் ஐப்பசி மழையில் விதைக்கலாம். ஆனால் அப்போது முளைத்த செடி வேர் இறங்குவதற்குள் தை, மாசி வறட்சி வந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

முதல் மூன்று மாதம் பயறுக்குக் கண்டம். புல் நாலு வாரத்தில் முழங்கால் உயரம் வந்து நிழல் விழுத்தும். ஆகவே புதிதாக நிறுவும்போது பயறை ஆறு வாரம் முன்னதாக விதைத்துவிட்டுப் பிறகு புல் கரணை நடுங்கள். ஏற்கெனவே புல் உள்ள இடமானால், ஒவ்வொரு நாலாவது வரிசைப் புல்லையும் தோண்டி எடுத்துவிட்டு அங்கே பயறு போடுங்கள். நிற்கும் புல்லுக்கு நடுவே விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதில் பலன் இல்லை.

அளவை அளப்பது, அளவை நகர்த்துவது

கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு எப்போதும் பிசகும். பயறு இலை அகலமாக விரிந்து மேலே தெரிவதால், எடையில் மூன்றில் ஒன்று இருக்கும்போதே கண்ணுக்குப் பாதி போலத் தோன்றும். அதனால் அறுக்கும் பருவத்தில் ஒருமுறை எடை பார்த்துவிடுங்கள். அரை மீட்டர் சதுரத்துக்கு நாலு குச்சியைக் கட்டி, விளையில் நாலைந்து இடத்தில் பார்க்காமல் போட்டு, உள்ளே உள்ளதை வழக்கமான உயரத்தில் அறுத்து, புல்லையும் பயறையும் பிரித்துத் தராசில் வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தரம், ஆவணியிலும் தையிலும் செய்தால் போக்கு தெரிந்துவிடும்.

கோடையில் பயறின் பங்கு தானாகவே கூடும். புல் காய்ந்து, ஆழவேருள்ள முயல்மசால் பச்சை நிற்பதால்தான் அது. கோடையில் பாதி வந்தாலும் பயப்பட வேண்டாம், மழை வந்ததும் புல் மீண்டு கணக்கை நேராக்கும். கவலைப்பட வேண்டியது மழைக்கால அளவைப் பார்த்துத்தான்.

பயறு குறைந்துபோனால் மூன்று இடத்தில் கைவைக்க வேண்டும். முதலாவது அரிவாள். வேலிமசாலை விதைத்து 90 நாள் கழித்து முதல் அறுப்பு, அதுவும் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில். முயல்மசாலை 75 நாளில், பூக்கத் தொடங்கும்போது, குறைந்தது ஒரு சாண் தண்டும் அதில் சில இலைகளும் மிஞ்சுமாறு அறுங்கள். பக்கத்துப் புல்லைத் தாழ்வாக அறுத்து, பயறை மட்டும் உயரமாக விடலாம். அது பயறுக்கு வெயில் தரும். வேலைக்கு ஆள் வைத்தால் இதை நின்று காட்டிக்கொடுங்கள். ‘ஒட்ட அறு’ என்பதுதான் எல்லோர் கைப்பழக்கமும்.

இரண்டாவது, சாணக்கரைசல். மாட்டுக் கொட்டகை கழுவிய தண்ணீரும் மூத்திரமும் யூரியாவைப் போலவே புல்லுக்கு வேகம் கொடுக்கும். அதை விளை முழுதும் திருப்பிவிட்டால் புல் இரண்டே அறுப்பில் பயறை மூடிவிடும். தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது பயறும் தன் முடிச்சுகளை வேலையில்லாமல் விட்டுவிடுகிறது. வாய்க்கால் பிடித்துக் கரைசலைப் புல்வரிசைக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்றாவது ஓய்வு. ஆட்டை மேயவிடுபவர்கள் விளையை நாலாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வாரத்துக்குமேல் விடாமல் மாற்றுங்கள். ஆடு முதலில் தேடித் தின்பது பயறைத்தான். பத்து நாள் ஒரே இடத்தில் விட்டால் துளிர்த்த கொழுந்தையும் திரும்பக் கடித்துவிடும், செடி இரண்டாம் தடவை தாங்காது.

உயர்த்தி மேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆட்டின் இரத்தம் குடிக்கும் குடற்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில் நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். ஒட்ட மேயாத ஆட்டுக்குப் புழுத்தொல்லை குறையும். இரண்டு மழை பெறும் இந்த ஊரில் அது சிறிய காரியமில்லை.

பயறு மிஞ்சிப்போனால் எதிர்ப்பக்கம். சாணக்கரைசலைத் திருப்பிவிடுங்கள், அந்த ஆண்டு ராக் பாஸ்பேட்டை நிறுத்துங்கள், பயறை ஓர் அறுப்பு தாழ்வாக அறுங்கள். மிஞ்சிய பயறை வெட்டித் தென்னை மூட்டில் போட்டு மூடினால் அது நல்ல தழையுரம். பயறு நிற்கும்போதே புல்லுக்குச் சத்து ஓடிவந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உதிர்ந்த இலையும் அழிந்த வேரும் சாணமும் மட்கித்தான் அது புல்லுக்குச் சேரும், ஒரு பருவமாவது ஆகும்.

ரப்பர் விளையில்

கன்று நட்ட முதல் நாலைந்து ஆண்டுவரைதான் தோட்டப்பயறுக்கு வெயில் கிடைக்கும். தலை கூடியதும் அது தானாக மறையும். அந்த ஆண்டுகளில் மாட்டையோ ஆட்டையோ உள்ளே அவிழ்த்துவிடக்கூடாது, இளம்பட்டையைக் கடித்துவிடும். அறுத்துக் கொண்டுவந்து போடுங்கள். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் கொடி ஏறாமல் மாதம் ஒருமுறை ஒதுக்குங்கள். முழுவதையும் அறுத்துவிடாமல் மூன்றில் இரண்டு பங்காவது மண்ணை மூடிக் கிடக்கட்டும். கொடி போட்டது சரிவில் மண் அரிக்காமல் இருக்கத்தானே.

அறுத்த கட்டில் ரப்பர் இலை கலந்திருக்கக்கூடாது. பச்சை ரப்பர் இலையிலும் மரச்சீனி இலையிலும் கிழங்குத் தொலியிலும் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. பசியோடிருக்கும் ஆடு ஒரு பிடி தின்றாலே ஆபத்து வரலாம். மூச்சு வாங்குதல், ஈறு செக்கச்சிவந்து தெரிதல், தள்ளாடி விழுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். நிமிடக்கணக்கில் முடிந்துபோகும் காரியம் என்பதால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவரிடம் சோடியம் தயோசல்பேட் போன்ற மாற்றுமருந்து உண்டு.

தீனி வைப்பது

புதுப் பயறைப் பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் வேண்டும். பசித்த வயிற்றில் ஈரம் சொட்டும் இளம்பயறை வைப்பதுதான் வயிற்றுப்புசத்துக்கு முதல் காரணம், பெரும்பயறுக் கொடியில் இது அதிகம். முதலில் வைக்கோலோ புல்லோ ஒரு பிடி தின்றிருக்கட்டும். அறுத்த பயறை இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் வாடவிடுங்கள்.

புசம் வந்தால் இடதுபக்க விலா பள்ளம் மேடாகி, தட்டினால் முரசுபோல ஒலிக்கும். பசுவுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர், ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கொடுத்தால் நுரை உடையும். தலையை அதிகம் தூக்காமல், கடைவாய் வழியாக, விழுங்க விழுங்கக் கொடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் புசத்தைவிடப் பெரிய கேடு. படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழி எதுவும் வேண்டாம், மருத்துவர் வரட்டும்.

சூபாபுல் இலையில் மிமோசின் என்ற பொருள் உண்டு, தைராய்டைக் கெடுக்கும், மயிரை உதிர்க்கும். ஆஸ்திரேலிய மாடுகள் இதனால் நலிந்தபோது, ஹவாயில் ஆடுகள் மட்டும் நிறையத் தின்றும் நன்றாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அவற்றின் வயிற்றில் அந்த நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. 1980களில் ஹவாய் ஆடுகளின் வயிற்று நீர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, மாடுகள் பிழைத்தன. 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு ஜோன்ஸ் பெயரையே வைத்தார்கள். நம் தொழுவத்துக்கு எளிய விதி, மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சூபாபுல் போகக்கூடாது, சினை ஆட்டுக்கு அதிலும் குறைவு.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு

குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை, நார் செரிப்பது பின்குடலில். அதனால் மேலே சொன்ன விதிகள் அதற்கு அப்படியே பொருந்தாது. சூபாபுல் குதிரைக்கு வேண்டவே வேண்டாம், பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்ந்து குளம்பும் கெடும். கிலுகிலுப்பை மாட்டைவிடக் குதிரைக்குக் கொடியது. கடலோரத்திலும் தோவாளைப் பக்க வறண்ட தரையிலும் படரும் செப்புநெருஞ்சியும் ஒரு பயறு இனமே. ஆஸ்திரேலியாவில் அதைத் தொடர்ந்து மேய்ந்த குதிரைகளுக்கு நரம்பு கெட்டு, பின்னங்கால் இழுக்கும் நோய் வந்தது. மழைக்குப்பின் பசும்புல் குறைந்து இது மட்டும் பச்சையாகத் தெரியும் நாட்களில் குதிரையை அங்கே கட்டாதீர்கள்.

மலைப்பகுதியிலிருந்து குளோவர் கலந்த காய்ந்த புல்லையோ, வெளியூரிலிருந்து கடலைக்கொடியையோ வாங்கினால் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த சிவப்புக் குளோவரைத் தின்ற குதிரைக்கு வாயில் எச்சில் கொட்டிக்கொண்டே இருக்கும். தீனியை மாற்றினால் ஓரிரு நாளில் நின்றுவிடும். கடலைக்கொடியில் பிடிக்கும் பூஞ்சையின் கேடு அவ்வளவு எளிதில் போகாது. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் எண்ணெய் வைத்தியம் கூடாது, நேரே மருத்துவர்தான். பயறு குதிரைக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும், நல்ல புல்தான் அதன் உணவு.

பூவும் விதையும்

மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்பெற்ற ஊர். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்திலிருந்து பெட்டித் தேனீ வளர்ப்பு வீடு வீடாகப் பரவியது. ரப்பர் புதுத்தளிர் விடும் தை, மாசி, பங்குனியில் தேன் வரத்து. மழைக்காலத்தில் தேனீக்குப் பஞ்சம். அந்த மாதங்களில் பயறுச்செடிகளின் பூ மகரந்தம் தரும். பெட்டி வைத்திருப்பவர்கள் விளையின் ஓர் ஓரத்தை அறுக்காமல் பூக்கவிடுங்கள்.

விதைக்கும் அதே ஓரம் உதவும். முயல்மசால் விதை ஒரே நாளில் முற்றாது, உதிர்ந்ததைத் தரையிலிருந்து கூட்டி எடுத்துப் புடைப்பதே பலருடைய வழக்கம். அதற்காகச் செடிக்கடியைப் பூக்கும்போதே பெருக்கிச் சுத்தமாக வையுங்கள். தோட்டப்பயறு மார்கழியில் பூக்கும். தரையில் கிடக்கும் கொடியில் காய் குறைவு. வேலியிலோ நட்டுவைத்த கம்பிலோ ஏற்றிவிட்டால் நிறையப் பிடிக்கும். நெற்று கறுத்ததும் வெடிப்பதற்குமுன் காலையில் பறித்து, வெயிலில் உலர்த்தித் தட்டி, சாம்பல் கலந்து மூடிய பாத்திரத்தில் வைத்தால் அடுத்த இடவப்பாதிக்கு விதை கையில் இருக்கும்.